கணவர் என் போனைத் தினமும் சோதிக்கிறார், அவருக்குத் தெரியாமல் உதவி தேடுவது எப்படி?

முதலில், அந்த போனிலேயே தேடாதீர்கள். மறைநிலையில் (இன்காக்னிட்டோ) தேடினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தேடிய பட்டியலைத்தான் மறைக்கும், உளவு ஆப் ஏதாவது இருந்தால் ஒன்றுக்கும் உதவாது. நம்பிக்கையான தோழியின் போனிலிருந்து பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசுங்கள், தமிழ்நாட்டில் 24 மணி நேரமும் இலவசம். அடி விழும் நேரமென்றால் யோசிக்காமல் அவசர உதவி எண் 112.

அப்புறம் வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பாருங்கள், தெரியாத கணினி ஏதாவது இருக்கலாம். ஆனால் சட்டென்று துண்டிக்க வேண்டாம், அவருக்குச் சந்தேகம் வந்து கோபம் கூடலாம். அதை வீட்டை விட்டுக் கிளம்பும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் மேப்பின் இருப்பிடப் பகிர்வும் அப்படித்தான்.

2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரிடம் (இந்தச் சட்டத்துக்காக அரசு நியமித்த அதிகாரி) நேரடியாகப் போகலாம், முதலில் போலீசில் புகார் கொடுத்தாக வேண்டும் என்றில்லை. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அங்கே தொடர்ந்து வசிக்க உரிமை கேட்கலாம், இதைத்தான் பலருக்கும் யாரும் சொல்வதில்லை.