எச்சத்தோடு நிறுத்துங்கள், முற்றை அவர் எழுதட்டும்

வாசகர் கேள்வி – பதில்

படமும் ஒலியும் இல்லாமல், எழுத்தாலேயே வேடமேற்று ஆடும் இணைய விளையாட்டுகளைப் பற்றிச் சென்ற இதழில் ஓரிரு வரிகள் எழுதியிருந்தேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இத்தனை பேர் இதை ஆடுகிறார்கள் என்பது அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பெரும்பாலான கடிதங்கள் ஒரே சிக்கலைச் சுற்றி வருவதால், இந்த இதழை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்ட கதையைக் களமாக வைத்து டிஸ்கார்ட் என்ற இணைய அரட்டைச் செயலியில் ஆடுகிறோம். நான் அதியமானின் வீரன். சேரர் படை வீரனாக ஆடும் நண்பருக்கு எதிராக, "என் வேல் அவன் மார்பைத் துளைத்தது; அவன் கோட்டை வாசலில் சாய்ந்தான்" என்று எழுதினேன். அவர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டார். போர்க் கதையில் போர் செய்ததில் என்ன தவறு?
— கல்லூரி மாணவர், அரூர்

பதில்: போர் செய்ததில் தவறில்லை. அவருடைய பங்கையும் சேர்த்து நீங்களே செய்ததுதான் தவறு. உங்கள் வரியில் மூன்று நிகழ்ச்சிகள் இருக்கின்றன: வேல் எறியப்பட்டது, மார்பில் பாய்ந்தது, அவன் சாய்ந்தான். முதலாவது மட்டுமே உங்களுடையது. மற்ற இரண்டும் அவருடைய பாத்திரத்தின் உடலில் நிகழ்பவை என்பதால், அவற்றை எழுதும் உரிமை அவருக்கே உண்டு. ஆடுவோர் இதைக் 'காட் மோடிங்' என்றும் 'பவர் எமோட்' என்றும் சொல்லிக் கண்டிப்பார்கள்.

பள்ளியில் படித்த இலக்கணமே இங்கே கைகொடுக்கும். வரியின் எழுவாயாக உங்கள் பாத்திரம் இருக்கட்டும். எதிராளியின் பாத்திரம் செயப்படுபொருளாக வர நேர்ந்தால், அவரைத் தாக்கும் வினையை முற்றாக எழுதாமல் எச்சமாக நிறுத்துங்கள். 'குத்தினான்' என்று எழுதினால் கதை முடிந்துவிடுகிறது. 'குத்த ஓங்கினான்' என்று எழுதினால் ஓங்கியது மட்டுமே நடந்திருக்கிறது. குத்து இன்னும் எச்சமாகவே நிற்கிறது. அது பட்டதா, விலகியதா, கேடயத்தில் மோதியதா என்ற முற்றை எதிராளி எழுதுவார். 'வெட்டப் பாய்ந்தான்', 'பிடிக்கக் கை நீட்டினான்', 'நெஞ்சைக் குறிவைத்து எறிந்தான்' என்று இதற்கான சொற்கள் தமிழில் எத்தனையோ உண்டு.

இது எழுதி ஆடுவோருக்கு மட்டும் உரிய மரபு அன்று. உங்கள் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து பார்த்திருப்பீர்கள். படுகளத்தன்று மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனை வீமன் வேடம் கட்டியவர் தம் விருப்பப்படி அடிக்கலாம். அது எழுந்து கேட்காது. ஆனால் இரவுக் கூத்தில், வீமன் எவ்வளவுதான் கதாயுதத்தைச் சுழற்றினாலும், எந்த அடியில் தளர்ந்து எப்போது விழுவது என்பது துரியோதனன் வேடம் கட்டியவர் கையில்தான் இருக்கிறது. நீங்கள் உங்கள் நண்பரை மண் உருவமாக்கிவிட்டீர்கள்.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடியான 'மட்' 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கியது. ரிச்சர்ட் பார்டில் அதை வளர்த்தெடுத்தார். அதில் அடி பட்டதா இல்லையா என்பதைக் கணினியே கணக்கிட்டுச் சொல்லிவிடும். 1989-இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆஸ்ப்னஸ் உருவாக்கிய 'டைனிமட்' போன்றவை சண்டையை விட உரையாடலுக்கும் கூடி உருவாக்குவதற்கும் இடம் கொடுத்தன. அங்கே வரியின் தொடக்கத்தில் முக்காற்புள்ளி இட்டு ஒரு செயலை எழுதினால், உங்கள் பாத்திரத்தின் பெயரோடு சேர்ந்து அது எல்லாருக்கும் தெரியும். என்ன எழுதினாலும் தடுக்க நடுவர் இல்லை. கணினி தீர்ப்புச் சொல்லாத இடத்தில் மனிதர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட ஒழுங்குதான் இது. நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே நீங்கள் டிஸ்கார்டில் எழுதும் செயல்வரிக்கும் அதுவே பொருந்தும்.

கேள்வி: நீங்கள் சொல்லும் விதியைப் பிடித்துக்கொண்டு, என் எதிராளி ஒரு முறைகூட அடி வாங்குவதில்லை. அம்பு எய்தால் குனிகிறார். வாளை வீசினால் தாவுகிறார். பின்னால் இருந்து வந்தாலும் முன்பே உணர்ந்துவிடுகிறார். என்ன செய்வது?
— பால் வியாபாரி, பாலக்கோடு

பதில்: இது முதல் கேள்வியில் சொன்ன குற்றத்தின் மறுபக்கம். முற்றை எழுதும் உரிமை அவருக்கு இருக்கிறது என்றால், அதை நேர்மையாக எழுதும் கடமையும் அவருக்குத்தான் இருக்கிறது. தருமபுரி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் நடுகற்களை ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். அவை வீழ்ந்தவர்களுக்காக எடுத்த கற்கள். எல்லா அம்புக்கும் குனிந்து தப்பியவனுக்கு இந்த மாவட்டத்தில் யாரும் கல் நட்டதாகத் தெரியவில்லை.

நடைமுறையில், சண்டை தொடங்கும் முன்பே வேடத்துக்கு வெளியே நின்று பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. யார் வெல்வது என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டு, எப்படி வெல்வது என்பதை மட்டும் எழுதிப் பார்ப்பவர்கள் உண்டு. என் கண்ணுக்கு அவர்களுடைய காட்சிகளே சிறந்தவையாகத் தெரிகின்றன. அதற்கு மனமில்லை என்றால் பகடை உருட்டும் நிரல் ஒன்றைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் அவர் உடன்படவில்லை என்றால், அவரோடு சண்டைக் காட்சி எழுதுவதை நிறுத்திவிட்டுச் சந்தைக் காட்சி எழுதுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பேரன் ஆடுவதைப் பார்த்து நானும் சேர்ந்தேன். செயல்வரியை இறந்தகாலத்தில் எழுதுவதா, நிகழ்காலத்தில் எழுதுவதா? அவன், அவள், அவர் என்பதில் எதைக் கொள்வது? பிள்ளைகள் கண்டபடி எழுதுகிறார்கள்.
— வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: ஐயா, இதைக் கேட்க ஒருவர் வரமாட்டாரா என்று காத்திருந்தேன்.

ஆங்கிலத்தில் ஆடுவோர் படர்க்கையில், நிகழ்காலத்தில் எழுதுவதை வழக்கமாக்கிக்கொண்டார்கள். நம் பிள்ளைகள் ஒரு வரியை அதைப் பார்த்தும், அடுத்த வரியைத் தொடர்கதை நடையில் இறந்தகாலத்திலும் எழுதிக் கலந்துவிடுகிறார்கள். தமிழுக்கு நான் நிகழ்காலத்தையே பரிந்துரைப்பேன். 'கதவைத் திறந்தான்' என்றால் கதவு திறந்தே விட்டது. உள்ளே இருப்பவர் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொள்ள இடமில்லை. 'கதவைத் திறக்கிறான்' என்றால் அந்த இடைவெளி கிடைக்கிறது. முடிந்துபோன, யாரையும் கட்டுப்படுத்தாத செய்திக்கு மட்டும் இறந்தகாலத்தைக் கையாளலாம். காட்டாக, 'நேற்றே ஒகேனக்கல் துறையில் பரிசல் ஏறியவன், இப்போதுதான் வந்து சேர்கிறான்.'

அவன், அவள், அவர் பற்றி: உங்கள் பாத்திரத்துக்கு என்ன விகுதி என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். பிறருடைய பாத்திரத்துக்கு, அதை ஆடுபவர் எந்த விகுதியைக் கையாளுகிறாரோ அதையே பின்பற்றுங்கள். ஒருவர் தம் புலவர் பாத்திரத்தை 'நுழைகிறார்' என்று எழுதும்போது, நீங்கள் 'அவள் வருவதைப் பார்க்கிறான்' என்று எழுதினால், உங்கள் பாத்திரம் மதிக்கவில்லையா, நீங்கள் மதிக்கவில்லையா என்ற ஐயம் எழும். பாத்திரம் மதிக்கவில்லை என்றால் அதைப் பேச்சில் காட்டட்டும். மேற்கோள் குறிக்குள் 'நீ' என்று அழைக்கட்டும். கதைசொல்லும் வரியில் மரியாதை இருக்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம் உங்களுக்குப் பிடிக்கும். முக்காற்புள்ளி இட்டு எழுதும் அமைப்புகளில் பெயர் எப்போதும் வரியின் முதலில், வேற்றுமை உருபு ஏலாமல் நிற்கும். 'அதிரனின் கை நடுங்குகிறது' என்று எழுத வழியில்லை. ஆங்கிலத்தார் முக்காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி இட்டு, இடைவெளி இல்லாமல் உருபைப் பெயரோடு ஒட்டவைப்பார்கள். தமிழில் அப்படிச் செய்தால் பெயரின் இறுதியில் இருக்கும் புள்ளி போகாமல் எழுத்து சிதைந்துவிடும். மனம் தளர வேண்டாம். 'அதிரன், கை நடுங்க, வாசலையே பார்க்கிறான்' என்று எழுதினால் கருவியின் குறையும் தெரியாது, வரியும் முன்னைவிட அழகாகவே இருக்கிறது.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர், "இவள் பொய்க்காரி என்று அவன் மனத்துக்குள் நினைத்துக்கொண்டான்" என்பது போலவே ஒவ்வொரு முறையும் எழுதுகிறார். என் பாத்திரம் அதற்கு எப்படி மறுமொழி சொல்வாள்?
— வாசகி, பென்னாகரம்

பதில்: சொல்ல முடியாது என்பதற்காகத்தான் அவர் அப்படி எழுதுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. கண்ணுக்கோ காதுக்கோ எட்டாத எதையும் செயல்வரியில் வைப்பது முறையன்று. தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டை வகுத்து, அவற்றுக்கு மெய்ப்பாடு என்று பெயர் வைத்திருக்கிறார். மனத்தில் இருப்பது மெய்யில் படும்போதுதான் எதிரே இருப்பவருக்குப் பொருளாகிறது. 'அவள் சொன்னதைக் கேட்டு உதட்டைச் சுழிக்கிறான்' என்று அவர் எழுதட்டும். உங்கள் பாத்திரம் அதைப் பார்த்து என்னவென்று கேட்பாள், அல்லது பாராதவள்போல் இருப்பாள்.

இதற்குத் தலைகீழான பிழையும் உண்டு. வேறொரு காட்சியை நீங்கள் படித்துத் தெரிந்துகொண்ட இரகசியத்தை உங்கள் பாத்திரத்துக்குத் தெரிந்ததாக எழுதக் கூடாது. அதை 'மெட்டாகேமிங்' என்பார்கள்.

கேள்வி: இரவுப் பணியின் இடைவேளையில் ஆடுகிறேன். எத்தனை வரி எழுதலாம்? யாருக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது? திடீரென்று மேலாளர் அழைத்தால்?
— தொழிற்சாலை ஊழியர், ஓசூர்

பதில்: எதிராளி எழுதும் அளவுக்கு ஏறத்தாழ எழுதுங்கள், அவர் இரண்டு வரி எழுத, நீங்கள் இரண்டு பக்கம் எழுதினால் அவர் மிரண்டுபோவார். முறை வைப்பதற்குப் பழைய குழுக்களில் மூன்று வரி வழக்கம் ஒன்று உண்டு: நீங்கள் எழுதிய பிறகு வேறு மூவர் எழுதிவிட்டால், நீங்கள் மறுபடி எழுதலாம், மற்றவர்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இடையில் எழுந்து போக நேர்ந்தால், இரட்டை அடைப்புக்குறிக்குள் வேடத்துக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுப் போங்கள். கூத்தில் கட்டியங்காரன் அரசனோடு பேசிக்கொண்டே சபையைப் பார்த்தும் பேசுவான், யாரும் குழம்புவதில்லை. சொல்லாமல் மறைந்துபோவதுதான் குற்றம்.

கேள்வி: என் மகளுக்குப் பதினாறு வயது. அவளுடைய பாத்திரத்தை ஒருவர் தொடுவதாகவும் அணைப்பதாகவும், அவள் அதை விரும்புவதாகவும் எழுதிவருகிறார். கேட்டால், 'கதைதானே அம்மா' என்கிறாள். ஆனால் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.
— தாய், தருமபுரி

பதில்: அம்மா, உங்கள் மகள் சாப்பிடாமல் இருப்பதை நம்புங்கள், அது கதை மட்டும் அன்று. 1993-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவன ஆய்வு மையத்தில் இயங்கிவந்த 'லாம்ப்டாமூ' என்ற எழுத்துவழி உலகத்தில், ஒருவர் ஒரு நிரலைக் கொண்டு, பிற பாத்திரங்கள் தாமே செய்வதுபோல் தோன்றும் இழிவான வரிகளை வெளியிட்டார். எழுத்தைத் தவிர அங்கே எதுவும் இல்லை. ஆயினும் பாதிக்கப்பட்டவர்களுள் ஒருவர் அதைப் பற்றி எழுதும்போது உண்மையாகவே கண்ணீர் விட்டார். அந்தப் பாத்திரம் அங்கிருந்து நீக்கப்பட்டது. அதன் பிறகு, பொதுப் பிரச்சினைகளை உறுப்பினர்களே வாக்களித்துத் தீர்க்கும் முறை ஒன்றையும் அங்கே ஏற்படுத்தினார்கள்.

பெரியவர்கள் தமக்குள் ஆடும்போதே, நெருக்கமான காட்சிக்கு முன்னதாகக் கேட்டு ஒப்புதல் பெற வேண்டும்; காட்சி எல்லை தாண்டும் இடத்தில் திரையை இறக்கிவிட்டு அடுத்த நாளுக்குப் போவது மரபு. 'அவள் விரும்பினாள்' என்று இன்னொருவர் எழுதுவதற்கு எந்தக் குழுவிலும் இடமில்லை. உங்கள் மகள் விஷயத்தில் மரபைப் பற்றிய பேச்சே வேண்டியதில்லை. 18 வயது நிறையாத ஒருவருக்குப் பாலியல் நோக்கத்தோடு இப்படி எழுதி அனுப்புவது, 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி குற்றமாகும். முதலில் அந்த வரிகளைத் திரைப்பதிவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அழித்துவிடாதீர்கள். பிறகு அந்த நபரைத் தடை செய்யுங்கள்; குழுவை நடத்துபவருக்கும் தெரிவியுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, இணையக் குற்றங்களுக்கான எண் 1930. மகளிடமிருந்து கைபேசியைப் பிடுங்கிவிடாதீர்கள். அடுத்த முறை அவள் உங்களிடம் சொல்லாமல் போவதற்கு அதுவே காரணமாகிவிடும்.

கேள்வி: முதல் கேள்வியை அனுப்பிய பிறகு என் நண்பர்களும் நான்தான் தவறு செய்தேன் என்றார்கள். எழுதியதை இனி மாற்ற முடியுமா?
— அதே மாணவர், அரூர்

பதில்: முடியும். இருவரும் ஒப்புக்கொண்டால் நடந்த ஒரு வரியை நடக்காததாகக் கொள்வது இவ்விளையாட்டில் வழக்கம்தான். நீண்ட விளக்கம் எழுதாதீர்கள். இரட்டை அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு முறை மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்த வரியை, 'அவன் மார்பைக் குறிவைத்து வேலை எறிகிறான்' என்ற இடத்தோடு நிறுத்தி மறுபடி எழுதி அனுப்புங்கள். வேல் இன்னும் காற்றில்தான் இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள்.