கூலர் பூட்ட முதல் மீற்றர் பூட்டுங்கோ: ஒயில் கூலர் கேள்வி பதில்

ஒயில் கூலர், அதாவது எஞ்சின் ஒயிலை ஆத்துற சின்ன றேடியேட்டர், பற்றிக் கேக்கிறவை கேளுங்கோ எண்டு போன கிழமை சொல்லியிருந்தன். வந்ததில அரைவாசி ஒரே கேள்வி. முதல் அதை முடிச்சுப்போட்டு மற்றதுகளுக்கு வாறன். கராச்சில நிண்டு எழுதுறன், பிழையளைப் பொறுத்துக்கொள்ளுங்கோ.

கேள்வி (கோண்டாவில்): அண்ணை, சுபாரு இம்பிரேசா டபிள்யூஆர்எக்ஸ் கார் வைச்சிருக்கிறன். யாழ்ப்பாண வெயிலுக்கு ஒயில் கூலர் கட்டாயம் எண்டு பெடியள் சொல்லுறாங்கள். போடவோ?

பதில்: வெயிலுக்கெண்டு போடாதேங்கோ தம்பி. ஒயில் 100 பாகையில ஓடேக்க வெளியில 28ஓ 34ஓ எண்டது பெரிய கதையில்லை. நீங்கள் ஆக்சிலரேட்டரை எவ்வளவு நேரம் அமத்தி வைச்சிருக்கிறியள் எண்டதுதான் கதை. அதோட, கன டபிள்யூஆர்எக்ஸில ஒயில் பில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில கொம்பனியே ஒரு சின்னக் கூலர் வைச்சிருக்கு. றேடியேட்டர் தண்ணி அதுக்குள்ளால போகும். காலமை ஒயிலைக் கெதியாச் சூடாக்கும், சூடு கூடினாப் பேந்து ஆத்தும். கழட்டி எறியமுதல் அது என்ன செய்யுதெண்டு பாருங்கோ.

முதல் ஒயில் சூட்டு மீற்றர் ஒண்டு பூட்டுங்கோ. டாஷ்போட்டில இருக்கிற தண்ணி மீற்றர் உதைச் சொல்லாது. ஒயில் 90க்கும் 110க்கும் இடையில நிண்டா சந்தோசப்படுங்கோ. 120 எண்டாலும் நல்ல சிந்தெற்றிக் ஒயில் தாங்கும். ஏ9இல விட்டு ஓடேக்க 130ஐத் தாண்டி அங்கயே நிக்குதெண்டால் கூலர் கதைப்பம். நல்லூரில இருந்து டவுணுக்குப் போய் வாற காரில ஒயில் 80ஐத் தொடமுதல் வீடு வந்திடும்.

கேள்வி (ஆனைக்கோட்டை): சூடு குறைஞ்சா நல்லதுதானே? பில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில பூட்டி, கூலர் ஹோஸ் கொழுவிற தெர்மோஸ்டாட் பிளேட் வீண் செலவில்லையோ?

பதில்: இல்லை. எஞ்சினுக்குள்ள வியர்க்கிற தண்ணியும் எரியாத பெற்றோலும் ஒயிலுக்குள்ள இறங்கும். ஒயில் நல்லாச் சூடாகினாத்தான் அதுகள் ஆவியாகிப் போகும். எப்பவும் 70இலயே ஓடினால் ஒயில் மூடியின்ர அடியில வெண்ணெய் மாதிரி ஒண்டு ஒட்டியிருக்கும், விரலால தொட்டுப் பாருங்கோ. ஒயில் சூடாகமுதல் கூலருக்குப் போய் ஆறாமல் இருக்கத்தான் 80 பாகை அளவில திறக்கிற தெர்மோஸ்டாட் உள்ள பிளேட். அது மூடியிருக்கேக்கயும் கொஞ்ச ஒயிலைக் கூலருக்கு விடும். ஹோஸ் மெல்லச் சுடுகுது, பழுதாப்போச்சு எண்டு ஓடி வராதேங்கோ.

கேள்வி (சுன்னாகம்): கூட்டாளியின்ர டொயோட்டாவில இருந்த பிளேட் சும்மா கிடக்கு. என்ர ஹொண்டா சிவிக்குக்குப் போடலாமோ? ரெண்டு பில்டரும் ஒரே அளவாத்தான் தெரியுது.

பதில்: தெரியும், அதுதான் ஆபத்து. ஹொண்டா பில்டர் மரை 20 மிமீ, பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி) 1.5 மிமீ. டொயோட்டா முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை. மிமீ கணக்கில 19.05, பிட்ச் 1.59. ஒரு மிமீகூட வித்தியாசமில்லை. ஹொண்டா பில்டரை டொயோட்டா மரையில ஏத்தினால் ஏறும், இறுகின மாதிரியும் இருக்கும். ஆனா மரை நுனியிலதான் பிடிச்சுக்கொண்டு நிக்கும். காலமை ஒயில் குளிரா இருக்கேக்க 5, 6 பார் அழுத்தம் வரும், பில்டர் கழண்டு றோட்டில விழும். வேர்ணியரால அளந்துபோட்டு வாங்குங்கோ.

இன்னொண்டு. பழைய பில்டரைக் கழட்டேக்க அதின்ர றப்பர் வளையம் சிலநேரம் எஞ்சினிலயே ஒட்டிக்கொண்டு நிண்டிடும். கவனிக்காமல் மேல பிளேட்டைப் போட்டால் ரெண்டு வளையம். இறுக்கேக்க ஒண்டும் தெரியாது, ஸ்டார்ட் பண்ணினாப்போலதான் பக்கவாட்டால பீச்சும். துணியால துடைச்சு, நகத்தால ஒரு சுத்துச் சுத்திப் பாருங்கோ.

கேள்வி (சாவகச்சேரி): ஜேசிபிக்கு ஹோஸ் அடிக்கிற கடையில ஹைட்ரோலிக் ஹோஸ் மலிவு. அது காணாதோ?

பதில்: அழுத்தத்துக்கு ஏழு தரம் காணும். சூட்டுக்குத்தான் காணாது. சாதாரண ஹைட்ரோலிக் ஹோஸில கனக்க 100 பாகை வரைக்கும்தான். உங்கட ஒயில் 120இல ஓடினால் உள்றப்பர் நாளடைவில இறுகி வெடிக்கும். கடைக்காரரிட்ட கூடின சூட்டு ஹோஸ் எண்டு கேட்டு, ஹோஸில அடிச்சிருக்கிற எழுத்தை நீங்களே வாசியுங்கோ. அளவு ஏஎன் 10. ஏஎன் எண்டது ஹோஸ், பிற்றிங் அளவு முறை; 10 எண்டது அதுக்குப் பொருந்துற குழாயின்ர வெளி விட்டம், அங்குலத்தில பதினாறில பத்து. அதைவிடச் சின்னனாப் போனால் ஒயில் அழுத்தம் குறையும். தண்ணி ஹோஸும் கிளிப்பும் போட்டு ஆரும் கொண்டு வந்தால் நான் தொடன்.

உருக்குப் பின்னல் ஹோஸ் போடுறவைக்கு என்ர சொந்தக் கதை. பம்பருக்குப் பின்னால ஹோஸ் இழுக்கேக்க ஏசிக் குழாய்க்கு ஒரு விரல் இடைவெளி விட்டன். கார் நிக்கேக்க அது ஒரு விரல். ஓடேக்க எஞ்சின் ஆடும் எண்டதை யோசிக்கேல்லை. பரந்தன் தாண்டேக்க ஏசி செத்துப்போச்சு. பொனற்றைத் திறந்தால் அலுமினியக் குழாயில அரத்தால அராவின மாதிரி மினுங்கிற பள்ளம், ஹோஸில ஒரு கீறலுமில்லை. அந்தப் பின்னல் தான் தேயமுதல் பக்கத்தில இருக்கிறதைத் தின்னும். இப்ப தொடக்கூடிய இடமெல்லாம் பழைய ஹோஸைப் பிளந்து சுத்தி, கிளம்பு போட்டுத்தான் விடுறன்.

கேள்வி (மானிப்பாய்): நாங்கள் ஒஸ்டின் ஏ40 காரை மண்ணெண்ணெயில ஓட்டினனாங்கள். அப்ப ஒயில் கூலரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. இப்பத்தப் பெடியளுக்கு என்ன கேடு?

பதில்: ஐயா, அந்தக் காருகளுக்குக் கோயில் கட்டலாம். ஆனா ஒண்டு ஞாபகப்படுத்துங்கோ: அப்ப ஒயிலை எவ்வளவு கெதியா மாத்தினனீங்கள்? எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனுக்குப் பக்கத்தால இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கிப்போடும். இப்பவும் அதே வியாதி இருக்கு. டேர்போ காருக்குப் பெற்றோலைக் கூட்டி டியூன் பண்ணினால் ஒயிலுக்குள்ள பெற்றோல் சேரும். ஒயில் அழுத்தம் குறையுது, சூடுதான் காரணமாக்கும் எண்டு கூலர் வாங்க ஓடுறவை முதல் ஒயில் கம்பியை இழுத்து மணந்து பாருங்கோ. பெற்றோல் மணந்தால் கூலர் உதவாது.

கேள்வி (வவுனியா): எஞ்சின் உடைஞ்ச மிற்சுபிசி எவோ காரில இருந்து கழட்டின கூலர் மலிவா வருது. கழுவிப் போடலாமோ?

பதில்: வேண்டாம். பேரிங் தூள் அந்தச் சின்னப் பாதையளுக்குள்ள போய் ஒளிச்சிருக்கும். பெற்றோல் ஊத்திக் குலுக்கினாலும் முழுக்க வராது. வாறது உங்கட புது பேரிங்குக்குள்ளதான் வரும்.

கேள்வி (பருத்தித்துறை): கூலரை எங்க வைக்கிறது? கடற்காத்துப் பிரச்சினையோ?

பதில்: றேடியேட்டருக்கு நேர முன்னால வைச்சால் அதுக்குச் சுடுகாத்துத்தான் போகும். பம்பர் மூலையில, காத்து வந்து சில்லுப் பக்கத்தால வெளியேறுற மாதிரி வையுங்கோ. வெளியேற வழி இல்லாட்டி முன்னால எவ்வளவு பெரிய ஓட்டை வெட்டினாலும் பிரயோசனமில்லை. ஹோஸ் வாய் மேல பாத்தபடி இருந்தால் உள்ள காத்து அடைபடாது. றப்பர் வைச்சுப் பூட்டுங்கோ. உப்புக்கு மாதத்தில ரெண்டுதரம் நல்ல தண்ணி, மெல்லிசா. கார் கழுவுற பிறசர் மெசினைக் கிட்டப் பிடிச்சால் தகடெல்லாம் மடங்கிடும்.

கேள்வி (திருநெல்வேலி): என்ர டொயோட்டா அக்குவாவுக்குக் கூலர் வேணுமோ?

பதில்: தங்கச்சி, காசை ஒயில் மாத்த வையுங்கோ.

கேள்வி (கோப்பாய்): பூட்டி முடிச்சிட்டன். உடன ஸ்டார்ட் பண்ணலாமோ?

பதில்: பொறுங்கோ! கூலரும் ஹோஸும் வெறுமையா இருக்கு. பெற்றோல் பம்ப் பியூஸைக் கழட்டிப்போட்டு, பத்துப் பத்துச் செக்கனா ஸ்டார்ட்டரைச் சுத்துங்கோ, ஒயில் அழுத்தம் காட்டுமட்டும். பேந்து பியூஸைப் போட்டு ஐடிலில விட்டு, ஒவ்வொரு பிற்றிங்கையும் கையால தடவிப் பாருங்கோ. நிப்பாட்டிக் கம்பியைப் பார்த்தால் குறைஞ்சிருக்கும். அரை லீற்றரில இருந்து ஒரு லீற்றர் வரை கூலர் குடிச்சிருக்கும், ஊத்துங்கோ. தெர்மோஸ்டாட் திறக்குமட்டும் ஓடிப்போட்டு வந்து திருப்பியும் பாருங்கோ. ராவைக்குக் காருக்குக் கீழ ஒரு காட்போட் மட்டையை விரிச்சுவிட்டுப் படுங்கோ. காலமை அதில பொட்டு விழுந்திருந்தால் மட்டையையும் கொண்டு வாங்கோ, எந்தப் பிற்றிங் எண்டு பொட்டு விழுந்த இடமே சொல்லும்.