ஃப்யூவா, எ ஃப்யூவா? குன்னூர் அக்காகிட்ட கேளுங்க

காலையில இருந்து மழை, தகர ஷீட்டுல அடிக்கிற சத்தத்துக்கு ட்யூஷன் பசங்க ஒருத்தரும் வரல, அதனால சேர்ந்து கிடக்குற உங்க இங்கிலீஷ் கிராமர் கேள்விக்கெல்லாம் இப்பவே பதில் போட்டுடறேன்.

கேள்வி (கோத்தகிரி): அக்கா, ஃப்யூ, எ ஃப்யூ ரெண்டுக்கும் நோட்ஸ்ல 'சில'ன்னுதான் போட்டிருக்கு. அப்புறம் எதுக்கு ரெண்டு?

பதில்: அந்த நோட்ஸை மூடி வைங்க. கேத்தி பக்கம் கேரட் கழுவற இடத்துல நிக்கறீங்கன்னு வைங்க. "கொஞ்சம் இருக்கு, எடுத்துக்கோ"ன்னா எ ஃப்யூ கேரட்ஸ். "கொஞ்சம்தான் இருக்கு, பத்தாது"ன்னா ஃப்யூ கேரட்ஸ். நாம வார்த்தை வாலுல 'தான்' ஒட்டி சொல்றத, இங்கிலீஷ்ல வார்த்தை தலையில இருக்குற 'எ'வை பிடுங்கிட்டு சொல்றாங்க. எண்ண முடியாத பொருளுக்கு லிட்டில், எ லிட்டில், அதே கணக்குதான்: எ லிட்டில் மில்க் இருந்தா ஒரு டீ போடலாம், லிட்டில் மில்க்னா கட்டன் டீதான். ஆனா ஒன்லி எ ஃப்யூன்னு வந்தா 'எ' இருந்தாலும் அர்த்தம் கொஞ்சம்தான், ஏன்னா அங்க ஒன்லியே 'தான்' வேலையை பாத்துடுது. பேச்சுல வெறும் ஃப்யூவை விட இதுதான் ஜாஸ்தி காதுல விழும்.

கேள்வி (கூடலூர்): டீயை எண்ண முடியாது, மச்தான் போடணும்னு சொன்னீங்க. கடையில டூ டீஸ்னு கேக்கறாங்களே?

பதில்: அது ரெண்டு கிளாஸ்மா! ஹவ் மச் டீ, ஆனா ஹவ் மெனி கிளாஸஸ், ஹவ் மெனி கிலோஸ். நம்மள கவுக்கறது டீ இல்ல, அட்வைஸ், லக்கேஜ், ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன்தான், இதெல்லாம் இங்கிலீஷ்ல எண்ண முடியாத கணக்கு. நானே முதல் இன்டர்வியூல "மெனி அட்வைசஸ்"னு சொல்லி, எதிர்ல இருந்தவர் பேனாவை கீழ வெச்சுட்டு நிமிர்ந்து பாத்தாரு, இன்னும் மறக்கல. சந்தேகமா இருந்தா எ லாட் ஆஃப் போட்டு தப்பிச்சுக்கோங்க, ரெண்டுக்கும் ஒத்துவரும்.

கேள்வி (ஊட்டி): தி நீல்கிரிஸ்ங்கறாங்க, தொட்டபெட்டாவுக்கு மட்டும் ஏன் தி இல்ல?

பதில்: மலைத்தொடர் பேரு பன்மையில வந்தா தி: தி நீல்கிரிஸ், தி பழனி ஹில்ஸ். ஒத்தை சிகரம் 2,637 மீட்டர் இருந்தாலும் கிடையாது. ஊட்டி லேக்குக்கும் இல்ல, ஆனா தி நீல்கிரி மவுண்டன் ரயில்வேக்கு உண்டு. அது 2005-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துச்சே, அத எழுதறப்போ எ யுனெஸ்கோ சைட்னு எழுதுங்க, ஆன் வேண்டாம். எழுத்தை பாக்காதீங்க, சத்தத்தை கேளுங்க. அதனாலதான் ஆன் ஹவர், ஆன் எம்எல்ஏ.

கேள்வி (கொடைக்கானல்): எவ்ரிக்கு அப்புறம் ஒருமைதானே? குறிஞ்சி மட்டும் எவ்ரி ட்வெல்வ் இயர்ஸ் பூக்குதே?

பதில்: சபாஷ், இத இதுவரைக்கும் யாருமே கேக்கல. எவ்ரி ஸ்டூடண்ட் ஹேஸ், அது சரி. ஆனா இங்க 12 வருஷத்தையும் ஒரே பொட்டலமா கட்டிடறாங்க, பொட்டலம் ஒண்ணுதான், உள்ளதான் பன்னெண்டு. நாம "12 வருஷத்துக்கு ஒருக்கா"ன்னு சொல்றோமே, அதேதான். 2018-ல பூத்துச்சு, அடுத்த பொட்டலம் 2030-ல பிரியும்.

கேள்வி (குன்னூர்): கேள்வின்னா எனிதானே? வுட் யூ லைக் சம் டீ தப்பா?

பதில்: தப்பில்ல. வீட்டுக்கு வந்தவங்களுக்கு குடுக்கணும்னு நினைச்சு கேக்கறோம்ல, அங்க சம்தான். டேக் எனி பஸ்னா எந்த பஸ்ல வேணா ஏறு.

கேள்வி (கேத்தி): மோஸ்ட் ஆஃப் பீப்பிள் சரியா?

பதில்: இல்ல. மோஸ்ட் பீப்பிள், இல்லேன்னா மோஸ்ட் ஆஃப் தி பீப்பிள் ஹியர். சரி, மழை விட்டுடுச்சு, கேட்டுல பசங்க சத்தம் கேக்குது.