பெண்களின் போராட்டத்தை ஆவணப்படமாக எடுக்க விரும்புகிறேன். நானும் பெண் என்பதால் அவர்கள் என்னிடம் மனம் திறந்து பேசுவார்களா?

பேசுவார்கள். நீங்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே பேசுவார்கள். சிக்கல் தொடங்குவதே அங்கேதான். சம ஊதியம் கேட்டுப் போராடும் ஒரு சங்கத்துப் பெண்களை அடுத்த வாரம் முதன்முறையாகச் சந்திக்கப் போவதாகவும், கேமராவும் மைக்கும் தயாராக இருப்பதாகவும் கேள்வியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இது உங்கள் முதல் படமாக இருக்கும் என்றே நினைக்கிறேன். பதினோரு ஆண்டுகளாக ஆவணப்படங்களுக்கு ஒலிப்பதிவு செய்துவருபவள் நான். என் முதல் படத்தில் நடந்த தவற்றை உங்களிடம் சொல்லாமல் இந்தக் கேள்வியைக் கடந்துபோக முடியவில்லை.

அதுவும் சம ஊதியப் போராட்டத்தைப் பற்றிய படம்தான். இயக்கம், ஒலிப்பதிவு, படத்தொகுப்பு ஆகிய மூன்றையும் பெண்களே செய்தோம். அதில் எங்களுக்குப் பெருமையும் இருந்தது. சங்கத்தில் முன்னால் நின்று பேசிய அக்கா ஒருவர், கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு எங்களோடு தங்கிவிட்டார். சங்கத்தில் சேர்ந்த முதல் மாதத்தில் வீட்டில் வாங்கிய அடியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நெஞ்சருகே குத்தியிருந்த சிறு மைக்கை அவர் விரல் தடவிக்கொண்டே இருந்தது. என் ஹெட்போனில் கரகரவென்று ஒரே உரசல். கணவர் என்ற சொல் வரும்போதெல்லாம் அந்த உரசல் கூடியதை இன்று யோசித்தால் உணர முடிகிறது. அன்று எனக்கு அது ஒலிக்கோளாறாக மட்டுமே பட்டது. “அக்கா, கையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், சத்தம் விழுகிறது” என்றேன். அவர் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, இருபது நிமிடம் தடங்கலின்றிப் பேசினார். ஒப்புதல் படிவத்தில் முன்னரே கையெழுத்து வாங்கியிருந்தோம்.

முதல் திரையிடலுக்கு அவர் தம் மகளை அழைத்துவந்தார். பதினான்கு வயது இருக்கும். அந்தக் காட்சி வந்ததும் அந்தப் பெண் எழுந்து வெளியே போய்விட்டாள். அரங்கில் இருந்தவர்களோ கைதட்டினார்கள். சில நாள் கழித்து அக்கா எங்களிடம் வந்தார். சண்டை போடவில்லை. “நான் சொன்னதில் பொய் இல்லைம்மா. ஆனால் என் பிள்ளை அதை என்னிடம் தனியாகக் கேட்டிருக்க வேண்டும், நூறு பேரோடு உட்கார்ந்து கேட்டிருக்கக் கூடாது” என்றார். நானும் பெண்தான், அவர் சொல்வது எனக்குப் புரியும் என்று நம்பித்தான் அவர் பேசினார். அந்த நம்பிக்கையைத்தான் நான் கையை எடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

இதற்கு வேறு வழிகள் இல்லாமல் இல்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 1975 ஜூன் மாதம் பிரான்சின் லியோன் நகரில், காவல்துறையின் அபராதங்களையும் அடக்குமுறையையும் எதிர்த்துப் பாலியல் தொழிலாளிகள் ஒரு தேவாலயத்துக்குள் புகுந்து தங்கியபோது, பெண்ணிய ஆவணப்பட இயக்குநர் கரோல் ரூசோபுலோஸ் வீடியோ கேமராவோடு உள்ளே போனார். உள்ளே அவர்கள் பேசியது, தேவாலயத்துக்கு வெளியே வைத்த திரைகளில் தெருவில் நின்றவர்களுக்குக் காட்டப்பட்டது. ஃபிலிமைப் போல ஆய்வகத்துக்கு அனுப்பிக் காத்திருக்கத் தேவையில்லாமல், எடுத்ததைப் பேசியவருக்கே உடனே போட்டுக்காட்ட அந்தக் கருவி இடம் கொடுத்தது என்பதுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய செய்தி. இந்தியாவில் 1980-இல் ஆவணப்பட இயக்குநர் தீபா தன்ராஜும் நண்பர்களும் தொடங்கிய யுகாந்தர் என்ற பெண்ணியத் திரைப்படக் குழு, கர்நாடகத்தின் நிப்பாணி ஊரின் புகையிலைத் தொழிலாளப் பெண்களின் போராட்டத்தை அவர்களைக் கொண்டே ஆவணப்படமாக எடுத்தது. ஆனால் குடும்ப வன்முறையைப் பற்றி, ஐதராபாத்தின் ஸ்திரீ சக்தி சங்கட்டனா என்ற பெண்கள் அமைப்புடன் சேர்ந்து 1983-இல் எடுத்த படத்தைக் கதைப்படமாக அமைத்தது. ‘இது வெறும் கதைதானா?’ என்று பொருள்படும் தெலுங்குத் தலைப்பு அதற்கு. அவர்கள் கதையைத் தேர்ந்ததன் காரணம் எதுவாகவும் இருக்கட்டும். யாருடைய மகளும் எழுந்து வெளியே போகாமல் அடியைப் பற்றிப் பேச முடியும் என்பதை நான் அங்கே கற்றுக்கொண்டேன்.

இப்படிச் சொன்னால், உண்மையை மறைக்கச் சொல்கிறாள், இது தணிக்கை என்று யாராவது எழுதக்கூடும். அடித்தவரைக் காப்பாற்ற நான் ஒரு நொடியையும் வெட்டச் சொல்லவில்லை. அடிபட்டவர் எப்போது, யார் முன்னால் சொல்ல வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும் என்கிறேன். ஆண்கள் இத்தகைய படம் எடுக்கக் கூடாது என்பதும் என் வாதம் அன்று. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: எத்தனையோ திரையிடல்களில் லென்ஸ் பற்றியும் ஒலி பற்றியும் வரும் கேள்விகள் எங்கள் குழுவில் இருந்த ஒரே ஆண் உதவியாளருக்குப் போயிருக்கின்றன, எங்களிடம் கேட்கப்படுவது, படமெடுக்கும்போது அழுதீர்களா என்பது மட்டுமே. பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகும் இது எனக்கு வலிக்கிறது.

படத்தை மீண்டும் தொகுத்தோம். அக்கா எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, எதுவரை இருக்கலாம் என்று சொன்னார். சங்கத்தில் சேர்ந்த நாளைப் பற்றி அவர் பேசுவதும், விரல் மைக்கைத் தொடுவதும் இருக்கின்றன. அதோடு காட்சி முடிகிறது. மென்பொருளால் நான் துடைத்திருந்த அந்த உரசலைத் திரும்பச் சேர்த்துவிட்டேன்.

எந்தக் கேமரா, எத்தனை மைக் என்பதையெல்லாம் போகப்போகக் கற்றுக்கொள்வீர்கள். பேசியவர்களுக்குப் படத்தைப் போட்டுக்காட்டி, அவர்கள் சரி என்று சொல்லும் முன்பு ஒரு பிரதியைக்கூட யாருக்கும் கொடுக்காதீர்கள். பேசியவர் பிறகு மனம் மாறினால் அந்தப் பகுதி நீக்கப்படும் என்பதை, நிதி தருபவரோடு செய்யும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். நாங்கள் எழுதி வாங்கவில்லை. பழைய பிரதி ஒன்றை வைத்திருக்கும் ஒரு நிறுவனம், மூன்று முறை கடிதம் எழுதிக் கேட்டும் திருப்பித் தராமல், அந்த இருபது நிமிடத்தோடு சேர்த்து அதை இன்னும் திரையிட்டுக்கொண்டிருக்கிறது.