ரெடிமேட் போர்டுல ஆம்ப்ளிஃபயர்: உங்க கேள்வியும் என் பதிலும்

ஆம்ப்ளிஃபயர் செய்யணும்னு வந்த கேள்விகள் நிறைய சேர்ந்துபோச்சு. முக்கால்வாசிப் பேரு எந்த போர்டு வாங்கலாம்னுதான் கேக்குறீங்க. போர்டுக்குக் கரண்டு கொடுக்குற சப்ளையைப் பத்திக் கேட்டது ஒரே ஒருத்தர். அவருகிட்ட இருந்தே ஆரம்பிக்கிறேன்.

திருமங்கலத்துல இருந்து: அண்ணே, 3116 ஐசி வச்ச ரெடிமேட் ஆம்ப்ளிஃபயர் போர்டு வாங்கிட்டேன். 24 வோல்ட் வரைக்கும் கொடுக்கலாம்னு போட்டிருக்கு. வீட்டுல பழைய 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் (நடு வயர்ல இருந்து ஒவ்வொரு ஓர வயருக்கும் 12 வோல்ட்) 5 ஆம்பியர்ல ஒண்ணு கிடக்கு. ரெண்டு ஓரத்தையும் எடுத்தா 24 தானே?

தம்பி, அவசரப்பட்டு மாட்டிராதீங்க. அது 24 வோல்ட் ஏசி. அதை டிசியாக்க நாலு டையோடு பிரிட்ஜ் போட்டு கண்டென்சர் வச்சா 1.414 மடங்காயிரும். டையோடுல ஒண்ணரை வோல்ட் போனாலும் 32 வோல்ட் டிசி நிக்கும். ஊர்ல ராத்திரி பதினோரு மணிக்கு மேல கரண்டு 230-ஐத் தாண்டுறப்போ இன்னும் ஏறும். 3116 ஐசி 26 வோல்ட் வரைக்கும்தான் வேலை செய்யும். இந்தக் கணக்கு தெரியாம நானே ரெண்டு போர்டைப் புகையவிட்டவன்.

அந்த டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிப் போட வேணாம். நடு வயரை மைனஸா வச்சுக்கங்க. ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொரு டையோடு போட்டு ஒண்ணா சேர்த்தா 16 வோல்ட் வரும். 4700 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் கண்டென்சர் ரெண்டு போடுங்க. முதல் தடவை ஆன் பண்றப்போ டிரான்ஸ்ஃபார்மருக்குப் போற 230 லைன்ல ஒரு 60 வாட் குண்டு பல்பை சீரிஸா விடுங்க. பல்பு பளிச்சுனு எரிஞ்சுக்கிட்டே இருந்தா எங்கயோ ஷார்ட். லேசா மின்னி அடங்குனா பயமில்ல.

என்னையக் கேட்டா, பழைய லேப்டாப் சார்ஜரே போதும். 19 வோல்ட், 4.74 ஆம்பியர், அதாவது 90 வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு சேனலுக்கு 35 வாட் சுத்தமா வரும். ஒரு ஹாலுக்கு அது தாராளம்.

மேலூர்ல இருந்து: 3116 போர்டை 12 வோல்ட் அடாப்டர்ல ஓட்டுறேன். அட்டையில 50+50 வாட்னு இருக்கு, சத்தமே பத்தலையே?

அந்த 50 வாட் கணக்கு 21 வோல்ட்டுக்கும் 4 ஓம் ஸ்பீக்கருக்கும் உள்ளது. நீங்க கொடுக்குறது 12. உங்க ஸ்பீக்கர் 8 ஓமா இருந்தா 9 வாட்டே கனவு. போர்டு மேல பழி போடாதீங்க.

அவனியாபுரத்துல இருந்து: ப்ளூடூத் போர்டு மாட்டுனதுல இருந்து பாட்டுக்குப் பின்னால "சீய்ங்"னு ஒரு சத்தம். யூஎஸ்பி பென்டிரைவ் சொருகுனா டிக் டிக்னு வேற. ஷீல்டு வயர் மாத்தியாச்சு, போகலை.

வயர்ல இல்ல கோளாறு. ப்ளூடூத் போர்டும் ஆம்ப் போர்டும் ஒரே சப்ளையில இருக்கு. கிரவுண்டு ரெண்டு வழியா சுத்துது: ஒண்ணு சப்ளை மைனஸ் வழியா, இன்னொண்ணு ஆடியோ வயர் வழியா. ப்ளூடூத் போர்டு இழுக்குற கரண்டு அந்த ஆடியோ கிரவுண்டுலயும் ஓடுறதால சத்தமா வருது. சோதிச்சுப் பாக்க ப்ளூடூத் போர்டுக்கு மட்டும் தனியா ஒரு போன் சார்ஜர் கொடுங்க. சத்தம் நின்னா நான் சொன்னது சரி. அப்புறம் நிரந்தரமா பி0505எஸ்னு நாலு கால் உள்ள கறுப்பு மாட்யூல் ஒண்ணு மாட்டிருங்க. 5 வோல்ட் உள்ள போயி, கிரவுண்டு பிரிஞ்சு 5 வோல்ட்டா வெளிய வரும். ஒரு வாட்தான் தாங்கும், அதுல டிஸ்ப்ளே போர்டெல்லாம் ஏத்தாதீங்க.

செல்லூர்ல இருந்து, ஓய்வுபெற்ற வாத்தியார்: தம்பி, பழைய 4440 ஐசி ஆம்ப்ளிஃபயர் செட்டுல ரெண்டு ஸ்பீக்கர் மைனஸையும் சேர்த்து மூணு வயர்ல மாடிக்குக் கொண்டுபோயிருக்கேன். புது போர்டுலயும் அப்படியே மாட்டலாமா?

வேணாங்கய்யா. 4440-ஐ ஸ்டீரியோவா ஓட்டுறப்போ மைனஸ் கிரவுண்டுதான், அதுல சரி. 3116-ல ஸ்பீக்கர் மைனஸும் ஒரு அவுட்புட்டுங்கய்யா. ரெண்டையும் சேர்த்தா அவுட்புட்டோட அவுட்புட் ஷார்ட். நாலு வயர் இழுத்துருங்க.

உசிலம்பட்டில இருந்து: முளைப்பாரிக்கு இதுல குழாய் ஸ்பீக்கர் நாலு ஓட்டலாமாண்ணே? மைக் செட்டு வாடகை மிச்சமாகும்ல.

குழாய் யூனிட் பெரும்பாலும் 16 ஓம். 24 வோல்ட் கொடுத்தாலும் ஒரு யூனிட்டுக்கு 18 வாட்டுக்கு மேல ஏறாது. போதாததுக்கு பேஸை முழுசாத் திருப்பி விட்டீங்கன்னா உள்ள அதிர்ந்து சத்தம் தர்ற மெல்லிய டயாஃப்ரம் கிழிஞ்சிரும். ஊர்க் காரியம், மைக் செட்டுக்காரருக்கே சொல்லிவிடுங்க.

அனுப்பானடில இருந்து: பேஸே வரலை. பேஸ் போர்டு தனியா வாங்கணுமா?

ஸ்பீக்கரைப் பெட்டியில வச்சீங்களா, தரையில மல்லாக்கப் போட்டு வச்சிருக்கீங்களா? முதல்ல பெட்டி அடிங்க. அப்பவும் பத்தலைன்னா ஒரு ஸ்பீக்கர்ல மட்டும் பிளஸ் மைனஸை மாத்திப் பாருங்க, நேரா மாட்டுனதுல ஒண்ணு தலைகீழா இருக்கலாம்.