சிவப்புப் பொட்டு வைத்த தம்ளர்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நிர்வாகப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தோட்டம், ஃபேக்டரி இரண்டிலுமாக நூற்றுச் சொச்சம் பேர் இருக்கிறோம். பாதிப் பேர் உள்ளூர்க்காரர்கள். மீதி பெரும்பாலும் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். பக்கத்து இருளர் குடியிருப்பிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் வருகிறார்கள்.

போன மாதம் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து, நமக்கே தெரியாமல் நம் மனதில் இருக்கும் பாகுபாடு பற்றி ஒரு நாள் வகுப்பு எடுத்தார். மனிதர்கள் ஏன் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராயும் நடத்தை அறிவியல் என்றார். எல்லோரும் கை தட்டினோம். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவரவர் பழைய மூலையில்தான் உட்கார்ந்தார்கள். இப்போது ஆயுத பூஜைக்கு முன்னால் ஒரு போட்டி வைக்கப்போகிறார்கள். ஊர்க்காரர் ஒரு அணி, வடக்கத்தியர் ஒரு அணி; எந்த அணி அதிகக் கொழுந்து எடுக்கிறதோ அதற்குப் பரிசு. போட்டி வந்தால் கலகலப்பு வரும், கலகலப்பு வந்தால் ஒற்றுமை வரும் என்கிறார் மேனேஜர். எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் மறுத்துச் சொல்லக் காரணம் தெரியவில்லை. இந்த நடத்தை அறிவியலால் உண்மையில் ஏதாவது ஆகுமா, இல்லை ஆட்களை நம் இஷ்டத்துக்கு வளைக்கிற வித்தைதானா?

பெயர் போட வேண்டாம் அக்கா.

ஒரு வாசகி


அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்தப் போட்டியை நிறுத்தப் பாருங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் மேனேஜரிடம் சொல்ல ஒரு காரணம் தருகிறேன். மேட் லோ என்ற பொருளியலாளர் உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் இளைஞர்களை வைத்துக் கிரிக்கெட் லீக் நடத்தி ஓர் ஆய்வு செய்தார். அது 2021இல் வெளிவந்தது. ஆய்வில் இருந்தவர்கள் 1,261 பேர். யார் எந்த அணி என்பதைக் குலுக்கல் மாதிரி தீர்மானித்தார்கள். சில அணிகளில் ஒரே சாதி, சிலவற்றில் பல சாதியும் கலந்து. வேறு சாதிக்காரரோடு ஒரே அணியில் ஆடியவர்களுக்கு வேறு சாதி நண்பர்கள் கூடினார்கள். அடுத்த ஆட்டத்துக்கு ஆள் எடுக்கச் சொன்னபோது தன் சாதியைத் தேடுவதும் குறைந்தது. எதிரணியில் மட்டும் வேறு சாதிக்காரரைப் பார்த்தவர்களிடம் அந்த நெருக்கம் வரவில்லை, இன்னும் விலகலே தெரிந்தது. அதே மைதானம், அதே பந்து. ஒன்றாகச் சேர்ந்து ஜெயிக்க வேண்டியிருந்ததா, ஒருவரை ஒருவர் ஜெயிக்க வேண்டியிருந்ததா என்பதுதான் வித்தியாசம்.

கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954லேயே இதைச் சொல்லியிருக்கிறார். பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் மட்டும் மனிதர்கள் நெருங்கிவிட மாட்டார்கள். இரு தரப்புக்கும் சம மதிப்பு வேண்டும், பொதுவாக ஒரு இலக்கு வேண்டும், கூடிச் செய்ய வேலை வேண்டும், மேலே இருப்பவர் அதை ஆதரிக்கிறார் என்பது தெரிய வேண்டும். உங்கள் மேனேஜரின் போட்டியில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. எடை போடும் இடத்தில் ஒவ்வொரு சாயங்காலமும் ஊர்க்காரர் இவ்வளவு, வடக்கத்தியர் இவ்வளவு என்று பலகையில் எழுதுவார்கள். இதுவரை மூலையில் இருந்த கோடு பலகைக்கு வந்துவிடும். பரிசு இருக்கட்டும், அணியை மாற்றுங்கள். சீட்டுக் குலுக்கி எல்லோரையும் கலந்து பிரியுங்கள். கொழுந்து பறிக்க நிரை பிடிக்கும்போதும் கலந்தே விடுங்கள்.

இந்த விஷயத்தில் எனக்குச் சொந்தக் கதையும் உண்டு. என் அம்மா, மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் போட்ட 1964 சிரிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இந்த மலைக்கு ஏறி வந்தவர். அப்படி வந்தவர்களுக்காகத்தான் அரசே 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. பேசுவது தமிழ்தான், ஆனாலும் சாகும் வரைக்கும் அம்மாவுக்கு இங்கே பெயர் சிலோன்காரி. டீக்கடையில் அவருக்கு வெளித் திண்ணைதான்.

நான் 27 வருடம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஜார்க்கண்ட் பெண்கள் வந்த புதிதில் கேன்டீனில் தம்ளர் அலமாரி இரண்டானது. மேல்தட்டில் இருந்தவை வெறும் தம்ளர்கள். கீழ்த்தட்டுத் தம்ளர்களின் அடியில் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு. கேட்டால் சுத்தத்துக்காக என்றார்கள். பொட்டு வைத்தவர்கள் யாரோ இல்லை, எங்கள் ஆட்கள். சிலோன்காரர் என்று பேர் வாங்கிய வீட்டுப் பிள்ளைகள். நானும் இரண்டு வருடம் மேல்தட்டுத் தம்ளரில் டீ குடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரட்டைக் குவளை என்று ஊரில் எதைச் சொல்வோமோ, அதுவேதான் எங்கள் கேன்டீனிலும் இருந்தது. ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு புது ஃபேக்டரி ஆபீசர் வந்தார். கூட்டம் போடவில்லை, யாரையும் திட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரியையே எடுத்துவிட்டார். ஒரே அளவில் புதுத் தம்ளர்கள் வாங்கி ஒரு பெரிய கம்பிக் கூடையில் கவிழ்த்து வைத்தார். கூடைக்குப் பக்கத்திலேயே வெந்நீர்க் குழாய். சுத்தம்தான் கவலையென்றால் எல்லோரும் பார்க்கக் கொதிக்கக் கொதிக்கக் கழுவலாம். முதல் வாரம் நாலைந்து பேர் வீட்டிலிருந்து தம்ளர் கொண்டுவந்தார்கள். நல்ல மழைநாள் ஒன்றில் அதில் ஒருத்தி கொண்டுவர மறந்துவிட்டாள். குளிரில் கை நடுங்க நின்றவள் ஒரு நிமிஷம் கூடையையே பார்த்தாள். பிறகு ஒரு தம்ளரை எடுத்து நீட்டினாள். அன்றோடு சரி. மாதக் கடைசியில் வீட்டுத் தம்ளர் ஒன்றுகூட வரவில்லை.

நடத்தை அறிவியலில் எனக்கு நம்பிக்கை வந்தது இந்த இடத்தில்தான். மனிதர்கள் பெரும்பாலும் முன்னால் வைத்திருப்பதைத்தான் எடுப்பார்கள். அலமாரி இரண்டாக இருந்தால் மனமும் இரண்டாக இருக்கும். மனதை முதலில் திருத்திவிட்டு அலமாரியை மாற்றலாம் என்று காத்திருந்தால் என் அம்மா மாதிரி காத்திருந்தே போய்ச் சேர வேண்டியதுதான்.

பெங்களூர் வகுப்பு ஏன் பலிக்கவில்லை என்பதும் இதனால்தான். ஃபிராங்க் டாபின், அலெக்ஸாண்ட்ரா கலேவ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் அமெரிக்காவில் 800க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் முப்பது வருடக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். மேலாளர்களுக்குக் கட்டாய வகுப்பு வைத்த இடங்களில் ஐந்து வருடம் கழித்து மேலாளர் பதவியில் கறுப்பினப் பெண்களின் பங்கு கூடவில்லை, சராசரியாகக் குறைந்திருந்தது. குற்றவாளி மாதிரி உட்கார வைத்துப் பாடம் சொன்னால் யாருக்கும் முறுக்கிக்கொள்ளத்தான் தோன்றும். வகுப்பு எடுத்தவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் போன பிறகு உங்கள் ஃபேக்டரியில் ஒரு பெஞ்சாவது இடம் மாறியதா?

அடுத்து, மேஸ்திரி வேலைக்கும் சூப்பர்வைசர் வேலைக்கும் ஆள் எடுக்கும் விதம். பார்த்தாலே தெரிந்துவிடும் என்று சொல்லாத மேனேஜரை நான் பார்த்ததில்லை. டேனியல் கானமன் என்ற உளவியலாளர், பின்னாளில் 2002இல் நோபல் பரிசு வாங்கியவர், 1950களில் இருபது வயதைத் தாண்டிய புதிதில் இஸ்ரேல் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் முறையை மாற்றினார். ஆறு குணங்கள், ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே எழுதி வைத்த கேள்விகள், ஒன்றுக்கு மதிப்பெண் போட்ட பிறகே அடுத்தது. பேட்டி எடுப்பவரின் உள்ளுணர்வுக்கும் இடம் உண்டு, ஆனால் கடைசியில்தான். பழைய முறையைவிட அது நன்றாக வேலை செய்தது. இதற்குச் செலவு ஒரு தாளும் பேனாவும்தான்.

நம் நாட்டில் இது ஏன் இன்னும் அவசியம் என்பதற்கு சுகதேவ் தோரட், பால் அட்டுவெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. தனியார் நிறுவனங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. ஆளைப் பார்ப்பதற்கு முன்பே இப்படி. உங்கள் இருளர் பெண்களில் ஒருத்தியாவது இதுவரை சூப்பர்வைசர் ஆகியிருக்கிறாளா? இல்லையென்றால் அவர்களிடம் குறை தேடுவதற்கு முன் தேர்வு முறையைப் பாருங்கள்.

காலைக் கூட்டத்தில் மேனேஜர் கடைசியாகப் பேசட்டும். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக நடக்கும் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே தவறு அதிகம் என்று அதற்கு அர்த்தமில்லை, பயமில்லாமல் சொன்னார்கள். எங்கள் ஃபேக்டரியில் இலை உருட்டும் ரோலர் பக்கத்துத் தடுப்புக் கம்பி ஆடுவதை ஒரு ஜார்க்கண்ட் பெண் மூன்று நாள் முன்பே பார்த்திருக்கிறாள். தமிழ் வராது, மேஸ்திரிக்குக் கோபம் வரும் என்று சொல்லாமல் இருந்துவிட்டாள். நல்லவேளை, இன்னொருத்தியின் முந்தானை மட்டும்தான் போயிற்று. அதற்குப் பிறகு இந்தி தெரிந்த ஒருவரை வைத்து, தினமும் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள்: நேற்று எது சரியில்லை? யாராவது சொல்லுங்கள் என்று பொதுவாகக் கேட்டால் எப்போதும் பேசுகிற நாலு பேர்தான் பேசுவார்கள்.

வித்தையா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. இதே அறிவை வைத்து இன்னும் அரை மணி நேரம் வேலை வாங்கவும் முடியும். நான் வைத்திருக்கும் உரைகல் இது: செய்கிற மாற்றத்தையும் அதற்கான காரணத்தையும் அந்தப் பெண்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? தம்ளர் விஷயத்தைச் சொல்லலாம். சொல்ல முடியாததைச் செய்யாதீர்கள். இந்தத் துறையில் வருகிற எல்லாவற்றையும் நம்பவும் வேண்டாம். படிவத்தின் மேல்பக்கம் கையெழுத்து வாங்கினால் மக்கள் உண்மை எழுதுவார்கள் என்று 2012இல் ஓர் ஆய்வு வந்து உலகமெல்லாம் பேசினார்கள். தரவே போலி என்று தெரிந்து 2021இல் திரும்பப் பெற்றார்கள். அதனால் எதையும் சின்னதாகச் செய்து, எண்ணிப் பார்த்து, பலித்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

கூலி, கழிப்பறை, பிள்ளைக் காப்பகம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013 சட்டப்படி இருக்க வேண்டிய பாலியல் புகார்க் குழு, இவற்றுக்கெல்லாம் அறிவியல் உத்தி எதுவும் தேவையில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அந்தக் குழு பற்றி ஒரு வரியும் இல்லை. இருக்கிறதா, அதில் யார் யார் என்று ஜார்க்கண்ட் பெண்களுக்குத் தெரியுமா என்று இந்த வாரமே விசாரியுங்கள்.

அணி பிரிக்கும்போது இன்னும் ஒரு விஷயம். கலக்கிறேன் என்று ஒருத்தியை மட்டும் தனியாக ஊர்க்காரர் நடுவில் போட்டுவிடாதீர்கள். அவள் நாள் முழுக்க வாயே திறக்க மாட்டாள். எந்த அணியிலும் இரண்டு பேராவது சேர்ந்து இருக்கட்டும். இருளர் பெண்களுக்கும் அதே கணக்கு.

அன்புடன்,
அக்கா