குரல் இரவலா, சொந்தமா?

கேள்வி: 1933-ல் வந்த ‘ஐன் லீட் கேட் உம் டீ வெல்ட்’ என்ற ஜெர்மன் இசைப் படத்தைப் பார்த்தேன். ஆபரா என்கிற மேடை இசை நாடகத்தில் பாட ஆசைப்படும் அந்தக் குள்ளமான மனிதர் நிஜமாகவே பாடுகிறாரா, இல்லை இரவல் குரலா?

பதில்: சொந்தக் குரல்தான். குரல் மட்டுமில்லை, பாதிக் கதையும் அவருடையதுதான். ஜோசப் ஷ்மிட் என்று பெயர். 1904-ல் கிழக்கு ஐரோப்பாவின் புகோவினா பகுதியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, செர்னோவிட்ஸ் ஊரின் தொழுகைக்கூடத்தில் பாடி வளர்ந்தவர். உயரம் ஐந்தடிகூட இல்லை. ஆபராவில் நாயகன் பாடினால் மட்டும் போதாது, மேடையில் நாயகியோடு நின்று நடிக்கவும் வேண்டும். அந்த இடத்தில்தான் அவருக்குக் கதவு மூடியது. வானொலிக்கு உயரம் எதற்கு? 1929-லிருந்து பெர்லின் வானொலியில் ஒன்றன்பின் ஒன்றாக முழு ஆபராக்களைப் பாடினார், முகம் தெரியாமலே ஜனங்கள் அவரைக் கொண்டாடினார்கள்.

படத்தில் இதையே வெனிஸுக்குக் கொண்டுபோய், ரிக்கார்டோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மேடை இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள், வானொலி கைகொடுக்கிறது, ஆனால் அவன் விரும்பும் நீனாவின் மனசு அவனுடைய நண்பன்மேல் போய்விடுகிறது. லேசாக, கலகலப்பாகப் போகிற படத்தில் இந்த இடம் என்னை ஒவ்வொரு முறையும் உலுக்கும், ஏனென்றால் தன்னைப் பார்த்து ஊர் என்ன நினைக்கிறது என்பதை ஒருவர் கேமரா முன்னால் நின்று தானே நடித்துக்காட்ட எவ்வளவு துணிச்சல் வேண்டும், அதையும் அழுது வடியாமல், ஹான்ஸ் மையின் மெட்டில் அந்தத் தலைப்புப் பாட்டை அவ்வளவு வெளிச்சமாகப் பாடிவிட்டுப் போகிறார்.

படம் பெர்லினில் வெளியானது 1933 மே 9. மறுநாள் அதே ஊரில் நாஜிகள் புத்தகங்களைக் கொளுத்தினார்கள். ஷ்மிட், இயக்குநர் ரிச்சர்ட் ஆஸ்வால்ட், இசையமைத்த ஹான்ஸ் மை எல்லோருமே யூதர்கள், எல்லோரும் ஜெர்மனியை விட்டு ஓட வேண்டியதாயிற்று. ஷ்மிட்டுக்கு மறுக்கப்பட்ட ஆபரா மேடை அப்புறம் கிடைத்தது, ஆனால் பெல்ஜியத்தில்: பிரஸ்ஸல்ஸில் ‘லா போஹெம்’ நாயகன் ரொடால்ஃபோவாகப் பாடினார்.

கேள்வி: அவருடைய படங்களில் அடுத்து எதைப் பார்க்கலாம்?

பதில்: 1934-ல் ஆஸ்திரியாவில் எடுத்த ‘ஐன் ஷ்டெர்ன் ஃபெல்ட் ஃபோம் ஹிம்மல்’. வானத்திலிருந்து ஒரு நட்சத்திரம் விழுகிறது என்று அர்த்தம். குரல் போய்விட்ட ஒரு சினிமா நட்சத்திரத்துக்காக இசை மாணவன் ஒருவன் மறைவாகப் பாடுகிற கதை. நீங்கள் கேட்ட இரவல் குரல் இங்கேதான் வருகிறது, இரவல் கொடுப்பவர் ஷ்மிட். முந்தையதைவிட இது நல்ல நகைச்சுவை, வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம்.

1942-ல் பிரான்ஸிலிருந்து தப்பி சுவிட்சர்லாந்துக்குள் போன ஷ்மிட்டை கீரன்பாட் என்ற அகதி முகாமில் வைத்தார்கள். மார்பு வலிக்கிறது என்று அவர் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நவம்பர் 16-ம் தேதி இறந்துபோனார், வயது 38. சூரிச்சில் இருக்கிற அவருடைய கல்லறையில் பொறித்திருப்பது இந்தப் படத்தலைப்பின் முதல் வார்த்தைகள்தான்: ஒரு நட்சத்திரம் விழுகிறது.